மலையில் மாற்று நர்ஸ் வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அடுத்த பெருந்தொற்று வந்தால் நாம் தாங்குவோமா என்று சென்ற இதழில் வந்த கட்டுரையை வீட்டில் எல்லோரும் படித்தோம். ஆக்சிஜன், படுக்கை, பரிசோதனைக் கூடம் என்று எல்லாவற்றையும் கணக்கெடுத்திருந்தீர்கள். என் மனைவி படித்துவிட்டு, "நர்ஸுங்களைப் பத்தி ஒரு வரி கூட இல்லையே" என்றாள். அப்புறம் பையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள். அந்த ஒரு வரிக்காகத்தான் எழுதுகிறேன். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றாள்.

அவள் கோத்தகிரி தாலுகாவில் கிராம சுகாதார செவிலியர். நான் கொஞ்சம் தேயிலை வைத்திருக்கிறேன். 2021 கோடையில் அவளோடு சில நாள் கூடவே நடந்திருக்கிறேன். ஊரடங்கில் பஸ் இல்லை, சாயங்காலமானால் கரடியும் காட்டெருமையும் நடமாடும் பாதை, தனியாக அனுப்ப மனசு வரவில்லை.

ஒரு நாள் மட்டும் சொல்கிறேன். சரிவில் இருக்கும் ஒரு இருளர் குடியிருப்பு. ஜீப் போகும் தூரம் போய், அதற்குமேல் நடை. தோளில் தடுப்பூசிப் பெட்டி, உள்ளே ஐஸ் பொதிகள். கோவிஷீல்டு ஒரு குப்பியில் பத்துப் பேருக்கு மருந்து. திறந்துவிட்டால் நாலு மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், மிச்சமானால் வீண். அங்கே ஊசிக்கு ஒப்புக்கொண்டவர்கள் ஆறே பேர். திறந்தால் நாலு ஊசி வீணானதற்குப் பதில் சொல்ல வேண்டும். திறக்காவிட்டால் அந்த ஆறு பேரும் மறுபடி கிடைப்பார்களா என்று தெரியாது. ஒரு பாட்டியின் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினாள். ஊசியைப் பற்றி அதிகம் பேசவில்லை, பாட்டியின் பேத்திக்கு இவள் பார்த்த பிரசவத்தைப் பற்றித்தான் பேச்சு. பாட்டி கையை நீட்டினாள். பாட்டியைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். பத்தாவது ஆளைத் தேடி அடுத்த குடியிருப்புக்கு நடந்தோம். காலையிலிருந்து அவள் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. குடித்தால் ஒதுங்க இடம் வேண்டுமே. அப்படியே பல வாரம் போய், கடைசியில் சிறுநீர்த் தொற்றில் படுத்தாள். இது பெண்களுக்கெல்லாம் தெரிந்த கஷ்டம், ஆனால் யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

நீலகிரியில் தகுதியுள்ள பழங்குடி மக்கள் எல்லோருக்கும் முதல் தவணை போட்டாகிவிட்டது என்று அந்த ஆண்டின் நடுவில் செய்தி வந்தது. மாவட்டத்துக்கே பெருமை. அந்தப் பெருமை இப்படி நடந்த கால்களுடையது.

மே மாதம் அவளுக்கே கொரோனா வந்தது. உர மூட்டை வைக்கும் அறையில் படுத்திருந்தாள். சாப்பாட்டை ஜன்னல் வழியாக வைத்தோம். என் அம்மாவுக்கு அப்போது எண்பது வயது. நாங்கள் பயந்தது நோய்க்கு. அவள் கவலையோ பக்கத்துத் துணை சுகாதார நிலைய நர்ஸைப் பற்றி. இவள் படுத்ததும் இவளுடைய ஊர்களெல்லாம் 'கூடுதல் பொறுப்பு' என்று அந்தப் பெண் தலையில் விழுந்துவிட்டன. அவளுக்கு இரண்டு சின்னக் குழந்தைகள். இருமிக்கொண்டே போனில் கர்ப்பிணிகளின் பட்டியலை ஒவ்வொன்றாக அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாள் என் மனைவி. பதினைந்தாம் நாள், ஏற்றத்தில் மூச்சு வாங்க வாங்க, வேலைக்குப் போய்விட்டாள். நான் சண்டை போட்டேன். "நான் படுத்தா அவ சாகணுமா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். இங்கே ஒரு நர்ஸ் ஓய்வெடுத்தால், அந்த ஓய்வை இன்னொரு நர்ஸின் உடம்பிலிருந்து எடுக்கிறோம். அதனால் யாரும் ஓய்வெடுப்பதில்லை.

2020 மார்ச் 22 மாலை நாடே கைதட்டியது. நானும் மனசாரத் தட்டினேன், அதில் தவறில்லை. அந்த மாதமே, தொற்றுப் பணியில் இறந்தால் குடும்பத்துக்கு 50 லட்சம் என்று மத்திய அரசு காப்பீடும் அறிவித்தது. நல்லதுதான். ஆனால் அது செத்த பிறகு வருவது. உயிரோடு இருக்கும்போது பத்து நாள் நிம்மதியாகப் படுக்க வழி வேண்டாமா?

இது நம் மலையின் கதை மட்டும் இல்லை. 2020 ஜனவரி முதல் 2021 மே வரை உலகத்தில் 80,000 முதல் 1,80,000 சுகாதாரப் பணியாளர்கள் கொரோனாவில் இறந்திருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. இரண்டு எண்ணுக்கும் நடுவே ஒரு லட்சம் வித்தியாசம். பல நாடுகளில் அவர்களை ஒழுங்காக எண்ணக்கூட இல்லை என்றுதான் இதற்கு அர்த்தம். 2021 நவம்பரில், பணக்கார நாடுகள் மூன்றாவது ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது, ஆப்பிரிக்காவின் சுகாதாரப் பணியாளர்களில் நூற்றுக்கு 27 பேருக்குத்தான் இரண்டு தவணையும் முடிந்திருந்தது. அதற்கு முன்னால் எபோலா வந்தபோது லைபீரியா தன் டாக்டர்கள், நர்ஸுகள், மருத்துவச்சிகளில் நூற்றுக்கு எட்டுப் பேரை இழந்தது. ஏற்கெனவே ஆள் குறைவான நாடு. அவர்கள் போன பிறகு அங்கே பிரசவம் யார் பார்ப்பது? இதைப் படித்தபோது எனக்கு அந்தப் 'பக்கத்து நர்ஸ்' ஞாபகம்தான் வந்தது.

சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலையில் 3,000 பேருக்கு ஒன்று என்பது விதி. ஆளை எண்ணுகிறார்கள், தூரத்தை எண்ணுவதில்லை. ஒரு ஹட்டி (படுகர் ஊர்), நாலு எஸ்டேட் லைன் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை), சரிவில் மூன்று குடியிருப்பு என்று சிதறிக் கிடக்கும் 3,000 பேர், ஒரே தெருவில் இருக்கும் 5,000 பேரைவிட அதிக வேலை. ஆகவே மலை வட்டாரம் ஒவ்வொன்றிலும், விடுப்பில் போகிறவர்களின் இடத்தைப் பார்த்துக்கொள்ள மட்டுமே இரண்டு மூன்று மாற்று நர்ஸுகள் நிரந்தரமாக வேண்டும். தொற்று வந்த பிறகு ஒப்பந்தத்தில் எடுத்து, ஓய்ந்ததும் அனுப்பிவிடும் ஆட்களாக இருக்கக் கூடாது. பாதையும் பாட்டிகளும் பழகவே ஒரு வருஷம் ஆகும்.

மனசு விஷயம் ஒன்றும் உண்டு. அரசின் சுகாதார உதவி எண் 104க்குப் போன் பண்ணிப் பேசுங்கள் என்று அந்த நாட்களில் எத்தனையோ பேருக்கு அவள் சொன்னாள். ஆம்புலன்ஸில் தன் கண் முன்னால் ஒரு இளம்பெண் இறந்த பிறகு அவளுக்குத் தூக்கம் போயிற்று. இப்போதும் ராத்திரி போன் அடித்தால் நடுங்கி எழுகிறாள். நீயும் 104க்குப் பேசேன் என்றேன். "அந்தப் பக்கம் எடுக்கிறதும் என்னை மாதிரி தூங்காத ஒருத்திதானே" என்றாள்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது உங்கள் நிருபரை எங்கள் பக்கம் அனுப்புங்கள். கூட நடந்து வரட்டும். பேச வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் பெரும்பாலும் வீட்டில் இருப்பாள்.

இப்படிக்கு,
ஒரு சிறு தேயிலை விவசாயி,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்