பலகையில் உன் பிறந்த வருஷம்

தருமபுரி
ஆனி 5

கண்ணு,

நேற்று ராத்திரி போனில் நீ சொன்னதில் பாதி விட்டுவிட்டுத்தான் கேட்டது. முப்பத்திரண்டு பிள்ளைகள், நாலு டீச்சர், லண்டனிலிருந்து ஜெனீவாவுக்கு விமானம், அங்கிருந்து பஸ்ஸில் பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலையூர் ஷமோனி, ஐந்து நாள். இவ்வளவுதான் பிடிபட்டது. நீயே பொறுப்பெடுத்துக் கூட்டிப் போகும் முதல் பயணம் இது. போனில் சொன்னால் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவாய் என்று எழுதுகிறேன். எழுதி முடித்ததும் உன் தம்பி படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பிவிடுவான்.

இருபத்தொன்பது வருஷம் நான் பனியாற்றை, அதாவது மலையிலிருந்து மெல்ல நகர்ந்து இறங்கும் பனிக்கட்டிப் பாளத்தை, பாடம் நடத்தினேன். ஒரு பனியாற்றையும் கண்ணால் பார்த்ததில்லை. சர்க்கு, அரெட்டு, தொங்கு பள்ளத்தாக்கு, மொரைன் என்று பனியாறு உண்டாக்கும் நில வடிவங்கள் எல்லாம் எனக்குச் சாக்பீஸ் கோடுகள்தான். ஐஸ் கம்பெனியில் ஒரு கட்டி வாங்கி, அதன் அடியில் மணலை அப்பி, ஈரக் களிமண் மேல் இழுத்துக் காட்டுவேன். கீறல் விழும். "இதுதான் பனியாறு பாறையைத் தேய்க்கிற விதம்" என்பேன். மத்தியான வெயிலில் பிள்ளைகளுக்குக் கீறல் மேல் கண் போகாது. கரைகிற ஐஸில் கை வைக்கத்தான் முண்டியடிப்பார்கள். நானும் விட்டுவிடுவேன்.

ஒகேனக்கல்லுக்குக் கூட்டிப் போன கதையை உன்னிடம் முழுசாகச் சொன்னதில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பத்திரண்டு பேர். ஆற்றின் அரிப்பு, கடத்தல், படிவு என்று ராத்திரியெல்லாம் குறிப்பு எழுதி வைத்திருந்தேன். பாறை மேல் வரிசையாக உட்கார வைத்து இருபது நிமிஷம் பேசினேன். வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. ஒரு முகத்திலும் உயிர் இல்லை. ஓரத்தில் இருந்த ஒருத்தி மட்டும் நோட்டை மூடிவிட்டு, பாறையில் இருந்த உருண்டைக் குழிக்குள் கையை விட்டுத் துழாவினாள். அடியிலிருந்து வழவழவென்று நாலு கூழாங்கல்லை அள்ளி, "டீச்சர், இந்தக் குழியை யாரு தோண்டினாங்க? இந்தக் கல்லு ஏன் இதுக்குள்ளயே கெடக்கு?" என்று கேட்டாள்.

தோண்டியவன் அவள் கையிலேயே இருந்தான். சுழல் தண்ணீரில் அந்தக் கற்கள் வருஷக்கணக்காக உருண்டு உருண்டு பாறையைக் குடைந்திருக்கின்றன. குடக்குழி என்ற வார்த்தையை நான் அப்போது சொல்லவே இல்லை. எல்லாரும் எழுந்து போய் ஆளுக்கொரு குழியில் கை விட்டார்கள். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் பேரைச் சொன்னேன். அந்த வருஷப் பரீட்சையில் குடக்குழியைத் தப்பாக எழுதியவள் ஒருத்தியும் இல்லை. அதற்கப்புறம் எங்கே கூட்டிப் போனாலும் முதல் அரைமணி நேரம் நான் வாயைத் திறந்ததில்லை. நீயும் அப்படியே செய். கஷ்டமாகத்தான் இருக்கும், நாக்கு துடிக்கும், இருந்தாலும் செய்.

ஜெனீவாவில் இறங்கினதும் ஷமோனிக்கு ஓடாதே. ஏரிக்குள் கரையோரமாக நித்தோன் கற்கள் என்று இரண்டு பெரிய பாறைகள் நிற்கும். நீ போன தடவை அனுப்பிய படத்தில் பின்னால் தெரிந்தது அதில் ஒன்றுதான். சுவிட்சர்லாந்தில் எந்த மலையின் உயரத்தை அளந்தாலும் அந்தக் கற்களில் ஒன்றிலிருந்துதான் கணக்கு. அதன் உயரம் கடல் மட்டத்துக்கு மேல் 373.6 மீட்டர். சின்ன வயசில் நம்ம தருமபுரி ஸ்டேஷன் மஞ்சள் பலகையில் ஊர்ப் பேருக்குக் கீழே இருக்கும் நம்பரைக் காட்டி "இது என்னம்மா, டிக்கெட் விலையா?" என்று கேட்டாயே, அதே கணக்குதான். பிள்ளைகளிடம் ஒன்றே ஒன்று கேள்: இந்தக் கல் இங்கே எப்படி வந்தது?

உடனே "வெள்ளம்" என்பார்கள். இருநூறு வருஷத்துக்கு முன் அங்கே படித்தவர்களும் அதைத்தான் சொன்னார்கள். பள்ளிப் படிப்பு பெரிதாக இல்லாத ஒரு மலைவாசி, பெர்ரோதான் என்று பேர், மலையாடு வேட்டைக்குப் போகிறவர், 1815இல் தன் வீட்டில் ராத்திரி தங்கிய சுரங்கப் பொறியாளர் ஷார்பாந்தியேவிடம் சொன்னார்: இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க ஒரு காலத்தில் பனியாறு நிறைந்திருந்தது, இவ்வளவு பெரிய கற்களைத் தண்ணீரால் தூக்கி வர முடியாது என்று. ஷார்பாந்தியே அதைப் பொருட்படுத்தவில்லை. பிற்பாடு அவரே அந்தக் கருத்துக்கு வந்து, 1834இல் அறிஞர்கள் சபையில் எடுத்துச் சொன்னார். 1840இல் அகாசி என்ற விஞ்ஞானி பனியாறுகளைப் பற்றிப் புத்தகம் போட்டார். பாடப்புத்தகத்தில் நாம் அகாசியைத்தான் படிக்கிறோம். பிள்ளைகளுக்கு நீ பெர்ரோதானைச் சொல். தினமும் நடந்த மலையை உற்றுப் பார்த்தவர் அவர்.

கிருஷ்ணகிரிக்குப் போகும் வழியில் குன்று மேல் குன்றாக அடுக்கி வைத்த மாதிரி உருண்டைப் பாறைகள் இருக்குமே, ஞாபகம் இருக்கிறதா? ராட்சசன் விளையாடிவிட்டுப் போட்டது என்று ஆயா சொல்வாள். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். ஆனால் நம்ம பாறை எங்கிருந்தும் வந்ததல்ல. வெடிப்பு வழியாக மழைத்தண்ணீர் இறங்கி, வெங்காயத் தோல் மாதிரி மேலடுக்கு உரிந்து உரிந்து, இருந்த இடத்திலேயே உருண்டையானது. அடியில் இருக்கும் பாறையும் மேலே நிற்கும் உருண்டையும் ஒரே ஜாதிக் கல். பனியாறு கொண்டுவந்து போட்ட கல் அப்படி இல்லை, சுற்றிலும் இருக்கும் தரைக்கும் அதற்கும் ஒட்டுறவே இருக்காது. இதை ஒரு பிள்ளை தானே ஒப்பிட்டுக் கண்டுபிடித்துவிட்டால் போதும், அந்தப் பயணத்துக்குக் கொடுத்த காசு செரித்துவிடும். நம்ம பாறைப் படங்களைத் தம்பியை எடுத்து அனுப்பச் சொல்கிறேன், எடுத்துப் போ.

ஜெனீவாவிலேயே ரோன் ஆறும் ஆர்வ் ஆறும் கூடும் இடத்தையும் காட்டு. ரோன் தெளிந்த பச்சையாக வரும், ஆர்வ் பால் கலக்கின மாதிரி சாம்பல் நிறத்தில் வரும். கொஞ்ச தூரம் இரண்டும் கலக்காமல் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். ஆர்வ், ஷமோனி பக்கத்துப் பனியாறுகள் அரைத்த பாறை மாவைச் சுமந்துகொண்டு நேராக வருகிறது. ரோனும் பனியாற்றில் பிறந்ததுதான். ஏரிக்குள் நுழைந்து, வண்டலையெல்லாம் அங்கே இறக்கிவிட்டுத் தெளிந்து வெளியே வருகிறது. ஆடியில் செங்காவியாக ஒகேனக்கல்லைத் தாண்டும் காவிரி, மேட்டூர் அணையில் வண்டலை விட்டுவிட்டுப் போவது போலத்தான். கண்ணாடி டம்ளர் இரண்டு எடுத்துப் போய் இரண்டு தண்ணீரையும் மொண்டு வைக்கச் சொல்.

எகுய் து மிதி சிகரத்துக்குக் கேபிள் காரில் ஏற்றுவதாகச் சொன்னாய். ஷமோனி ஊர் 1,035 மீட்டர், உச்சி 3,842. சுமார் இருபது நிமிஷத்தில் ஏறிவிடும். ஒரு கிலோமீட்டர் உயரத்துக்கு 6.5 டிகிரி என்ற கணக்கில் பதினெட்டு டிகிரி குறையும் என்று முதலிலேயே கணக்குப் போடச் சொல்லி, மேலே போய் வெப்பமானியில் சரி பார்க்கச் சொல். நான் வத்தல்மலைக்கு லேப் வெப்பமானியைத் துண்டில் சுற்றி எடுத்துப் போனபோது நாலு டிகிரி குறைந்ததற்கே பிள்ளைகள் கை தட்டினார்கள். ஆனால் இது சட்டென்று ஏறுகிற உயரம். தலைவலி, வாந்தி என்று யார் சொன்னாலும் நடிப்பு என்று நினைக்காதே, உடனே கீழே இறக்கிவிடு.

பனியாற்றின் கிட்டே போனதும் பிள்ளைகள் முகம் வாடலாம். நீ அனுப்பிய படத்தைப் பார்த்து நானே ஏமாந்தேன். மெர் டி கிளாஸ், அதாவது பனிக்கடல் என்று பேர், மேலே பார்த்தால் பர்கூர் கல்குவாரி மாதிரி கல்லும் தூசியும். அந்தக் கல்லெல்லாம் மலையிலிருந்து சரிந்து பனி மேல் விழுந்து, பயணத்தில் இருக்கிறது என்று அவர்களாகவே கண்டுகொள்ளட்டும். போன வருஷம், 2025 மே 28இல், சுவிட்சர்லாந்தில் பிளாட்டன் என்கிற ஊரை இடிந்து விழுந்த பனியாறும் பாறையும் மூடிவிட்டதே, அதையும் சொல். மலை நகர்வதைக் கண்காணித்தவர்கள் ஒன்பது நாள் முன்னதாகவே சுமார் முந்நூறு பேரை வெளியேற்றியிருந்தார்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். உன் வகுப்பில் எத்தனை பேர் வரவில்லை? எங்கள் காலத்தில் டூர் பணம் 150 ரூபாய். கட்ட முடியாத மூன்று நாலு பேர் அன்றைக்குக் காலையில் "வயித்து வலி டீச்சர்" என்பார்கள். அது எந்த வலி என்று எனக்குத் தெரியும். இரண்டு வருஷம் சும்மா இருந்தேன். மூன்றாம் வருஷத்திலிருந்து சம்பளத்தில் எடுத்துக் கட்டினேன், அவர்களுக்கும் தெரியாமல்.

அப்படிப்பட்டவள் உன்னை அனுப்பவில்லை. பத்தாவதில் ஊட்டி டூருக்கு நீ பேர் கொடுத்துவிட்டு வந்தாய். பணம் இருந்தது. அந்த மாசம்தான் ஒரு பள்ளிக்கூட வேன் மலைப்பாதையில் கவிழ்ந்த செய்தி வந்தது. "ஊர்ப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போவ, என்னை மட்டும் விடமாட்டியா?" என்று கேட்டுவிட்டு, மூன்று நாள் என்னோடு பேசவில்லை. பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மற்றவர் பிள்ளைகளை என் கண்ணெதிரே வைத்திருந்தேன். உன்னை வேறொருவர் கண்ணில் விட்டுவிட எனக்குத் தைரியம் இல்லை. அது தப்பு, கண்ணு. முப்பத்திரண்டு வீட்டு அம்மாக்கள் இப்போது உன் கண்ணை நம்பி அனுப்புகிறார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் என்னைவிடத் தைரியசாலிகள். தினம் ராத்திரி அவர்களுக்கு ஒரு வரி அனுப்பிவிடு.

இங்கே மல்கோவா முடிந்து நீலம் வந்துவிட்டது. அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை.

மெர் டி கிளாஸில் பனிக்குகைக்கு இறங்கும் பாதையில், எந்த வருஷத்தில் பனி எதுவரை இருந்தது என்று பாறையில் பலகை அடித்திருப்பார்களாமே. 1990 என்று ஒன்று இருக்கும், நீ பிறந்த வருஷம். பிள்ளைகளை முன்னால் போகவிட்டு, அந்தப் பலகைக்குக் கீழே ஒரு நிமிஷம் நில். அங்கிருந்து இன்றைக்குப் பனி இருக்கும் இடம் வரை எத்தனை படி என்று எண்ணி எனக்கு எழுது.

உன் அம்மா