48 மணி நேரத்துக்கு அப்புறம்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைச்சர் அவர்களுக்கும் துறைச் செயலாளர் அவர்களுக்கும்,

வணக்கம். சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. அதற்கு மனமார்ந்த நன்றி. அப்படிப் பிழைத்தவர்களில் தண்டுவடம் (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புக் கற்றை) அடிபட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதுகெலும்பில் கம்பியும் ஸ்குருவும் வைத்துத் தையல் பிரித்ததும் டிஸ்சார்ஜ். “இனி கால் வராது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்பதோடு பலருக்குச் சிகிச்சை முடிந்துபோகிறது.

அடிபட்ட இடத்துக்குக் கீழே இருக்கும் தண்டுவடம் செத்துப்போவதில்லை. கலிஃபோர்னியாவில் ஆய்வாளர் ரெஜி எட்ஜர்டன் குழுவினர் 1990களில் தண்டுவடம் முழுவதும் துண்டிக்கப்பட்ட பூனைகளுக்கு டிரெட்மில்லில் பயிற்சி கொடுத்தார்கள். நடக்கப் பழகியவை பின்னங்கால்களால் நடந்தன. நிற்க மட்டும் பழகியவை நன்றாக நின்றன, நடக்கத் திணறின. மூளையின் தொடர்பே இல்லாமல், பழக்கியதைத் தண்டுவடம் கற்றுக்கொண்டது. அப்படியென்றால் மாதக்கணக்கில் கட்டிலில் கிடப்பவரின் தண்டுவடம் எதைக் கற்கும்?

2006இல் கார் மோதிக் கால்கள் செயலிழந்த ராப் சம்மர்ஸ், அமெரிக்காவின் லூயிவில் நகரில் தண்டுவடத்தின் மேல் மின்தூண்டல் கருவி வைத்த பிறகு, அது இயங்கும்போது தன் எடையைத் தாங்கி நின்றார். 2011இல் ‘லான்செட்’ மருத்துவ இதழ் அதை வெளியிட்டது. கருவிக்கு முன்னும் பின்னும் நெடுநாள் பயிற்சி இருந்தது. விலை கூடிய கருவிக்கு நாம் காத்திருக்கலாம். பயிற்சிக்குக் காத்திருக்க முடியாது. நரம்புத் தொடர்பு கொஞ்சம் மிஞ்சியவர்களுக்கு முதல் சில மாதங்களில்தான் மீட்சி வேகமாக வரும்.

எல்லோரும் நடந்துவிடுவார்கள் என்று சொல்ல மாட்டேன். தொடர்பு முழுவதும் அற்றுப்போனவர்களுக்கு அது அரிது. ஆனால் தானாக வீல்சேருக்கு மாறுவது, சிறுநீரைச் சுத்தமாக வெளியேற்றுவது, படுக்கைப் புண் வராமல் காப்பது எல்லாம் பயிற்சியால் வரும். 1954இல் விபத்தில் கால்கள் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவைசிகிச்சை செய்தார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு மையமும் தொடங்கினார்.

ஆகவே கேட்கிறேன்: அரசு மருத்துவக் கல்லூரி ஒவ்வொன்றிலும் தண்டுவட மறுவாழ்வுக்கெனப் படுக்கைகள் வேண்டும். நோயாளி வார்டை விட்டு நேராக அங்கே போக வேண்டும். உடனிருப்பவருக்கு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது உட்பட எல்லாம் கற்றுத்தர வேண்டும். அப்புறம், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பிசியோதெரபிஸ்ட்டுகளுக்கு இதற்கான தனிப்பயிற்சியும், டிஸ்சார்ஜ் ஆன அதே வாரத்தில் வீட்டுக் கதவைத் தட்டும் ஏற்பாடும் வேண்டும்.

இப்படிக்கு,
தண்டுவடம் பாதிக்கப்பட்ட ஒருவரின் அண்ணன்