ஆண்டறிக்கை: லோங்காங் (வடிகால்) ஓரத்துப் புல் விவகாரம் உட்பட

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மலேசியாவின் செபராங் பிறையில் நம் தாமான் (வீடமைப்புப் பகுதி) குடியிருப்போர் சங்கம் இந்த ஆண்டும் பொங்கல், கோத்தோங் ரோயோங் என்னும் கூட்டுத் துப்புரவுப் பணி, தீபாவளி விருந்து மூன்றையும் குறையில்லாமல் நடத்தியது. தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் மட்டும் மோர் சீக்கிரமே தீர்ந்துவிட்டது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

செயற்குழு அதிக நேரம் பேசியது வேறொன்றைப் பற்றி. காய்கறித் தோட்டத்துக்குப் பின்னால் ஓடும் லோங்காங் ஓரத்துப் புல்லை வெட்டுவதைவிடக் களைக்கொல்லி மருந்தடிப்பது மலிவு என்று முடிவு செய்தோம். தீர்மானத்தை எழுதியவன் நான்தான். மருந்தடித்த மறுநாள் நல்ல மழை. அதற்கடுத்த நாள் லோங்காங்கில் தலைப்பிரட்டைகள் வெள்ளை வயிறு தெரிய மிதந்தன. சில, மருந்து குடித்த புல்லோடு சிமெண்டில் ஒட்டிக் காய்ந்திருந்தன. குழாயடியில் யாரோ கவிழ்க்க மறந்த பேசினில் இருந்தவையோ சுறுசுறுப்பாக நீந்திக்கொண்டிருந்தன. பேசின் விளிம்பில் மரத்தவளை கட்டிய நுரைக்கூடு அப்போதும் ஒட்டியிருந்தது.

தண்ணீரை ஆய்வுக்கு அனுப்பவில்லை, ஆகவே மருந்துதான் கொன்றது என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் படித்தவரை சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ரிக் ரெல்யா என்பவர் செயற்கைக் குட்டைகளில் கிளைபோசேட் களைக்கொல்லியைத் தெளித்துப் பார்த்து 2005இல் முடிவை வெளியிட்டார். மூன்று வாரத்தில் தலைப்பிரட்டைகளில் 96 முதல் 100 விழுக்காடு செத்தன. கிளைபோசேட்டைவிட, மருந்து இலையில் ஒட்டிப் பரவுவதற்காகச் சேர்க்கும் சோப்பு மாதிரியான சரக்குதான் பெரிய எமன். தலைப்பிரட்டை மீனைப் போலச் செவுளால் மூச்சு விடும், அதன் தோலும் தண்ணீரை உறிஞ்சும். அந்தச் சரக்கு செவுளைக் கெடுத்தால் கதை முடிந்தது. ரெல்யா குட்டையின் மேலேயே தெளித்தார், நாம் ஓரத்தில்தானே அடித்தோம் என்று ஓர் உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் மழை ஓரத்தைப் பார்த்தா பெய்யும்?

கொல்லாமலேயே கெடுக்கும் மருந்தும் உண்டு. மாலத்தியான் பூச்சிமருந்து கொஞ்சமாகக் கலந்தாலும் தண்ணீரில் மிதக்கும் மிகச் சிறிய பிராணிகள் சாகின்றன. அவை தின்ன வேண்டிய பாசி பெருகித் தண்ணீரைப் பச்சையாக்குகிறது. வெளிச்சம் அடிக்கு இறங்காததால் அடிப்பாசி வளர்வதில்லை. அதைச் சுரண்டித் தின்னும் தலைப்பிரட்டை பட்டினியில் மெதுவாக வளர்கிறது, கால் முளைக்குமுன் குட்டை வற்றிவிடுகிறது. இதுவும் ரெல்யா குழு சோதித்துக் கண்டதுதான். மாலத்தியானைக் கொசுப் புகைக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

முன்பு எஸ்டேட்டில் மருந்து பம்பு சுமந்த மூத்த உறுப்பினர் அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்தக் காலத்தில் பாராகுவாட் களைக்கொல்லி பட்டுத் தன் நகமே கருத்து உதிர்ந்தது, தவளையை யார் பார்த்தார்கள் என்றார். பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. அவர் நகம் இன்னும் கோணல்தான்.

அந்தக் குழாயடிப் பேசின் இன்னொரு தலைவலி. தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு இருந்தால் சுகாதார இலாகா சம்மன் எழுதிவிடும். பிள்ளைகளோ கவிழ்க்க விடவில்லை. சரி என்று கொசுவலைத் துணியால் மூடிவைத்தோம். கால் முளைத்ததும் துணியை எடுத்தாயிற்று, குட்டித் தவளைகள் வெண்டைச் செடிப் பக்கம் போயின.

இனி லோங்காங் ஓரத்தில் புல் வெட்டும் மெஷின்தான். மழை மாதங்களில் செலவு கூடும். சந்தாவை உயர்த்தவில்லை, தீபாவளி விருந்தில் ஒரு கறி குறையும். இதற்கு எதிர்ப்பு வந்தது, அதையும் பதிவு செய்திருக்கிறேன்.

மிச்சமிருக்கும் களைக்கொல்லி டப்பா ஸ்டோரில் பூட்டிக் கிடக்கிறது. லோங்காங்கில் ஊற்றவும் முடியாது, குப்பையில் போடவும் முடியாது. திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று வாங்கிய கடையில் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை. சாவி என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்