ஆய்வறிக்கை கேட்டால் வவுச்சர் தருகிறீர்கள்: போமஸ் ஆலிவ் எண்ணெய் பற்றிய புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பச்சை டின் போமஸ் ஆலிவ் எண்ணெய், ஐந்து லிட்டர். எது என்று உங்களுக்கே தெரியும். தொகுதி எண்ணையும் ரசீதையும் கேட்டவருக்கெல்லாம் வாட்சாப்பில் அனுப்பியாகிவிட்டது. தயவுசெய்து இன்னொரு முறை கேட்காதீர்கள்.

டின்னைத் திறந்ததுமே எண்ணெயில் புகை நாற்றம். என் வீட்டுக்காரர் பாமாயில் எடுக்கும் செம்பனை ஆலையில் பாய்லர் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முகர்ந்து பார்த்துவிட்டு, "இதை அடுப்படியில் வைக்காதே" என்றார். இதய அடைப்புக்குப் பிறகு டாக்டர் சொன்னதால்தான் பாமாயிலை விட்டு, அதைவிடப் பல மடங்கு விலையுள்ள இந்த எண்ணெய்க்கு மாறினோம்.

நான் கேட்பது ஒன்றுதான். இந்தத் தொகுதியில், புகையில் உண்டாகும் நச்சான பென்சோபைரீன் எவ்வளவு என்று சோதித்த ஆய்வறிக்கை.

ஆலிவைப் பிழிந்த பிறகு மிஞ்சும் சக்கையை உலர்த்தி, ஹெக்சேன் என்ற கரைப்பானைக் கொண்டு மிச்ச எண்ணெயை எடுப்பதுதான் போமஸ். உலர்த்தும்போது புகை பட்டால் பென்சோபைரீன் சேரும், சுத்திகரிக்கும்போது செயலூட்டிய கரி போட்டால் குறையும். உங்கள் சரக்கு, நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2001-ல் ஸ்பெயினில் போமஸ் எண்ணெய் விற்பனையை நிறுத்தி வைத்தது இதே பென்சோபைரீனால்தான். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் பிரிவில் வைத்திருக்கும் பொருள்களில் அதுவும் ஒன்று. ஐரோப்பாவில் ஒரு கிலோ எண்ணெயில் 2 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. அவ்வளவு சிறிய அளவை மூக்கு காட்டிக்கொடுக்காது. நாற்றம் இல்லாவிட்டாலும் இருக்கலாம், நாற்றம் வேறு எதனாலும் வரலாம். அதனால்தான் அறிக்கை கேட்கிறேன்!

பதிலுக்கு என்ன கிடைத்தது? ஒருவர் "டின் வாசம்" என்றார். இன்னொருவர் வெயிலில் வைத்தீர்களா என்றார். அப்புறம் ஒரு பெண்மணி சொன்னாரே, "ஆன்ட்டி, எஸ்டேட்ல இருக்கறவங்களுக்கு ஆலிவ் எண்ணெய் எதுக்கு, பாமாயில் போதாதா?" என்று. அழைப்புகள் பதிவு செய்யப்படும் என்று உங்கள் இயந்திரம்தானே ஒவ்வொரு முறையும் சொல்கிறது? போட்டுக் கேளுங்கள். எங்கள் தோட்டத்து மக்கள் வெட்டிய செம்பனைக் குலையிலிருந்துதான் நாட்டுக்கே எண்ணெய் போகிறது. எந்த எண்ணெய் எங்களுக்குத் தகும் என்று அவர் தீர்மானிக்க வேண்டாம்.

டின்னோடு ஈப்போ கிளைக்கு வரச் சொன்னதும் நீங்கள்தான். சுங்கை சிப்புட்டிலிருந்து பஸ்ஸில், மடியில் டின்னை வைத்துக்கொண்டு போனேன். "இங்கே விற்பனை மட்டும்தான், புகாரெல்லாம் ஷா ஆலமில்" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். உட்காரக்கூடச் சொல்லவில்லை. அன்றைய சம்பளம் போச்சு, பஸ் காசு போச்சு, முதுகு வலி மிச்சம். எண்ணெய்க் காசையும் சேர்த்தால் ஒரு மாதக் குடும்பச் செலவே போய்விட்டது என்பேன். வீட்டு நிம்மதிக்கு என்ன விலை போடுவீர்கள்? நீங்கள் நீட்டிய பத்து வெள்ளி (ரிங்கிட்) வவுச்சரா?

இன்னொன்றையும் என் மகன் கேட்கச் சொன்னான். அறுவடை இயந்திரத்தின் மசகு எண்ணெயிலிருந்து கனிம எண்ணெயும், பிவிசி குழாய்களிலிருந்து, பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்க்கும் தாலேட்டும் ஆலிவ் எண்ணெயில் கலக்க வாய்ப்புண்டு. கனிம எண்ணெயில் சில வகைகள் மரபணுவைப் பாதித்துப் புற்றுநோய்க்கு வழிவிடலாம். அவற்றையும் சோதித்திருந்தால் அதன் அறிக்கையையும் அனுப்புங்கள். சோதிக்கவில்லை என்றால் சோதிக்கவில்லை என்றே எழுதுங்கள். அதுவும் ஒரு பதில்தான்.

உங்களில் நல்லவர்களும் இருப்பார்கள். முதலில் போனை எடுத்த தம்பி பொறுமையாகவே பேசினார், அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. சண்டை போடுவதும் என் விருப்பமல்ல. ஆனால் 14 நாளில் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு போடுவேன். மனுக் கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கோரலாம். மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கும் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கும் நகல் போகும்.

பணத்தைத் திருப்பித் தாருங்கள், அறிக்கையை அனுப்புங்கள், அந்தப் பெண்மணியை மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள். டின்னை எடுத்துப்போக உங்கள் ஆளையே அனுப்புங்கள். இனி அதைத் தூக்கிக்கொண்டு நான் எங்கும் வரமாட்டேன்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட் வாடிக்கையாளர்