அப்பாவுக்கு சிரிஞ்சு அனுப்ப மாட்டேன்

லீட்ஸ், இங்கிலாந்து
ஞாயிறு இரவு

அன்புள்ள அக்கா,

நான் சுகம். குளிர் பழகிடுச்சு, நாலு மணிக்கே இருட்டுறதுதான் இன்னும் பழகல. பொன்னி அரிசி கிடைக்குது. விலையைக் கேட்டா வயிறு எரியும்.

வேலை எப்படின்னு கேட்டிருந்தே. ஊர்ல பார்த்த அதே நர்ஸ் வேலைதான், கேள்விதான் அதிகம். மருந்து வண்டியோட போறப்ப 'தொந்தரவு செய்யாதீர்கள்'னு எழுதின சிவப்பு மேலங்கி போட்டுக்கணும். (யாரும் மதிக்கிறதில்லை, பெரிய டாக்டர் உட்பட.) ஒவ்வொரு தடவையும் பேரையும் பிறந்த தேதியையும் நோயாளி வாயாலேயே சொல்ல வைச்சு, கைப்பட்டையோட ஒத்துப் பார்க்கணும். 'நீங்கதானே ஜான்?'னு கேட்கவே கூடாது. காது கேட்காத பெரியவர் எதுக்கும் தலையாட்டிடுவார்.

இன்னொண்ணு, நோயாளி உடம்பு மோசமாகுதான்னு பார்க்க 'நியூஸ்'னு ஒரு மார்க் முறை. மூச்சு, ஆக்சிஜன், பிரஷர், நாடி, காய்ச்சல், சுயநினைவு, எல்லாத்துக்கும் மார்க். கூட்டி 5 வந்தா உடனே டாக்டர் வந்து பார்க்கணும், 7 வந்தா அவசரக் குழு. போன வாரம் ஒரு தாத்தா பேப்பர் படிச்சுக்கிட்டு என்னைக் கிண்டல் பண்ணிக்கிட்டு இருந்தார். நாடி பார்க்கிற மாதிரி மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டே மூச்சை எண்ணினேன். எண்றது தெரிஞ்சா தன்னால மாறிடும். நிமிஷத்துக்கு 24, அதுக்கு 2 மார்க். நாடி 112, இன்னொரு 2. காய்ச்சல் 38.4, நம்ம கணக்குல 101, அதுக்கு 1. கூட்டினா 5. நிமோனியா! ராத்திரிக்குள்ள ஆன்டிபயாடிக் ஏறிடுச்சு.

இனி அப்பா விஷயம். இங்கேயிருந்து இன்சுலின் சிரிஞ்சு கேட்டியே, அனுப்ப மாட்டேன். காசுக்காக இல்லை. இங்கே இன்சுலின் ஒரு மில்லிக்கு 100 யூனிட், சிரிஞ்சுக் கோடும் அந்தக் கணக்குதான். அப்பாவோட குப்பியில மில்லிக்கு 40 யூனிட்தான். இந்த சிரிஞ்சுல 20 கோடு வரை இழுத்தா அவருக்குப் போறது 8 யூனிட்தான், சர்க்கரை எகிறிடும். மாறி நடந்தா அதைவிட ஆபத்து: இன்சுலின் பேனாவுல வர்ற 100 யூனிட் மருந்தை நம்மூர் 40 சிரிஞ்சுல 20 வரை இழுத்தா, 50 யூனிட் போயிடும்! கடைக்காரர் 'ரெண்டும் ஒண்ணுதாம்மா'ன்னா கேட்காதே. மூடி நிறத்தை மட்டும் நம்பாம குப்பியிலயும் சிரிஞ்சுலயும் 40-னு இருக்கான்னு வாசிச்சுப் பாரு. டாக்டர் பேனாவுக்கு மாத்தினார்னா பழைய சிரிஞ்சு ஒண்ணுகூட வீட்ல இருக்கக் கூடாது.

ஊசி போட்டுட்டு வெறும் வயித்தோட பூசைக்குப் போறாராமே, அம்மா சொன்னாங்க. விடாதே, சர்க்கரை ரொம்ப இறங்கிடும். வேர்த்து, கை நடுங்கினா மூணு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கரைச்சுக் கொடு, கால் மணி நேரம் கழிச்சு சர்க்கரை டெஸ்ட் பண்ணு. மயங்கிட்டா வாயில எதையும் ஊத்தாதே, 108-ஐக் கூப்பிடு.

குப்பி, சிரிஞ்சு ரெண்டையும் போட்டோ எடுத்து அனுப்பு. நாளைக்கு எனக்கு ராத்திரி டியூட்டி, பகல்ல போன் பண்ணாதே.

அன்புடன்,
தங்கச்சி