கமாண்ட் என்ற ஒரு சொல்

அன்புள்ள கண்ணம்மா,

ஜி.சி.எஸ்.இ. ஆங்கில இலக்கியத் தேர்வில் வரும் கவிதை ஒப்பீட்டுக் கேள்விக்காக நீ எழுதி அனுப்பிய மாதிரிக் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். கவிதை உனக்கு நன்றாகப் புரிந்திருக்கிறது, ஆனால் அந்தப் புரிதல் தாளில் இறங்கவில்லை. "இங்கே அலிட்டரேஷன் (மோனை) வருகிறது, இது வாசகரைக் கவர்கிறது" என்று நான்கு இடத்தில் எழுதியிருக்கிறாய். அந்த வாக்கியம் எந்தக் கவிதைக்கும் பொருந்தும் என்பதால்தான் அதற்கு மதிப்பெண் விழாது.

பாலைவனத்தில் உடைந்து கிடக்கும் ஓர் அரசனின் சிலையைப் பற்றிய ஷெல்லியின் 'ஓசிமாண்டியஸ்' கவிதையின் கடைசி வரியையே எடுத்துக்கொள். 'லோன் அண்ட் லெவல் சாண்ட்ஸ்', அதாவது தனித்து மட்டமாய்க் கிடக்கும் மணல். வாய்விட்டுச் சொல்லிப் பார், இழுத்துக்கொண்டே போகும். 'லெவல்' என்றால் மட்டம். வானளாவ நின்ற சிலையைச் சுற்றி இன்று மேடென்று எதுவுமே இல்லை. மோனையைப் பற்றி எழுதுவதானால் இதையும் சேர்த்து எழுது. சிற்பியின் கையைப் பற்றி வரும் 'மாக்ட்' என்ற சொல்லை நீ தொடவே இல்லையே! அதற்கு அச்சாக வடித்தான் என்றும் பொருள், ஏளனம் செய்தான் என்றும் பொருள். அரசனின் திமிரைக் கண்டுகொண்டவன் சிற்பி. எஞ்சியிருப்பதும் அவன் கைவேலைதான். இந்த ஒரு சொல்லில் ஒரு முழுப் பத்தி இருக்கிறது.

ஏ.க்யூ.ஏ. தேர்வு வாரியத்தின் இந்தக் கேள்விக்கு 30 மதிப்பெண். கருத்துக்கும் மேற்கோளுக்கும் 12, கவிஞரின் உத்திக்கு 12, பின்னணிக்கு 6. நீயோ ஷெல்லியின் வாழ்க்கைக்கே ஒரு பத்தி செலவழித்துவிட்டாய். கவிதை 1818ல் வந்தது, ஷெல்லி முடியாட்சியை எதிர்த்தவர் என்பதை சிலையின் பீடத்தில் உள்ள 'கிங் ஆஃப் கிங்ஸ்' (அரசர்க்கரசன்) பற்றி எழுதும் வாக்கியத்துக்குள்ளேயே சொருகிவிடு. தனியாக நிற்கும் பின்னணி வீண்.

ஒப்பிட பிரவுனிங்கின் 'மை லாஸ்ட் டச்சஸ்' சரியான தேர்வு. ஆனால் முதலில் ஒன்றை முழுக்க எழுதிவிட்டு, மற்றதைக் கடைசி ஐந்து நிமிடத்தில் திணிக்கிறாய். இரண்டையும் ஒரே பத்தியில் மோதவிடு. 'ஸ்னியர் ஆஃப் கோல்ட் கமாண்ட்' (ஈரமில்லாத கட்டளையின் ஏளனம்) என்கிறார் ஷெல்லி. 'ஐ கேவ் கமாண்ட்ஸ்' (கட்டளையிட்டேன்) என்கிறான், பிரவுனிங் கவிதையில் இறந்த மனைவியின் ஓவியத்தைக் காட்டிப் பேசும் டியூக். முதலாவது கல்லில் உறைந்துபோன கட்டளை, கேட்டு நடுங்க ஆளில்லை. இரண்டாவது உடனே பலித்த கட்டளை: அரைப்புள்ளி, வரி முடிகிறது, அடுத்த வரியில் புன்னகைகள் எல்லாம் நின்றுவிடுகின்றன. என்ன கட்டளை என்று அவன் சொல்லவே இல்லை. அந்த மௌனத்தைப் பற்றி எழுது, அங்கேதான் உன் சொந்த அறிவு தெரியும்.

நீ ஒப்பிட எடுக்கும் இரண்டாவது கவிதை கேள்வித்தாளில் இருக்காது, நினைவிலிருந்துதான் மேற்கோள் காட்ட வேண்டும். ஒவ்வொரு கவிதைக்கும் ஐந்து சிறு தொடர்கள், இரண்டு முதல் நான்கு சொற்கள் போதும். நீண்ட வரிகளை மனப்பாடம் செய்யாதே, நடுவில் ஒரு சொல் தவறினால் அதிலேயே மனம் மாட்டிக்கொள்ளும்.

இந்தக் கேள்விக்கான 45 நிமிடத்தில் பத்து நிமிடம் படித்துக் கோடிடு, முப்பது நிமிடம் எழுது, ஐந்து நிமிடம் சரிபார். முன்பின் பார்க்காத கவிதைகளைத் தரும் அடுத்த பகுதியில் 24 மதிப்பெண் கேள்விக்கு அரை மணி கொடு. அதையடுத்த 8 மதிப்பெண் கேள்வி உத்திகளை மட்டுமே ஒப்பிடச் சொல்கிறது, இரண்டு சிறு பத்தியோடு நிறுத்திவிடு.

முழுக் கட்டுரை இப்போது வேண்டாம். அந்த 'கமாண்ட்' பத்தியை மட்டும் கையால் எழுதி, படமெடுத்து ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு. அத்தையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அம்மா