அரத்தை எடுக்கும் முன்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய படங்கள் எல்லாவற்றையும் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் மாமனார் விட்டுப்போன பிஸ்டலுக்கு உரிமம் உன் பெயருக்கே மாறிவிட்டது என்று எழுதியிருந்தாய், நல்லது, அந்த வேலை முடியாமல் இருந்திருந்தால் அதை முதலில் முடி என்று ஒரு வரி எழுதிவிட்டு நிறுத்தியிருப்பேன். 'அப்பா, இதைப் புதுசு மாதிரி ஆக்க முடியுமா' என்று கேட்டிருக்கிறாய். முடியும். ஆனால் அப்படி ஆக்கினால் உன் கையில் இருக்கும் பழைய பிஸ்டல் போய்விடும், தேய்ந்துபோன ஒரு புது பிஸ்டல்தான் மிஞ்சும். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

முதலில் ஒன்று. தோட்டா இல்லை என்று மற்றவர்கள் சொன்னதை நம்பாதே. பழைய துப்பாக்கிகள் பலமுறை உள்ளே தோட்டாவோடேயே பெட்டியில் போய்ப் படுத்துவிடும். தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்று, மேலே முன்னும் பின்னும் சறுக்கும் ஸ்லைடைப் பின்னால் இழுத்து, தோட்டா உட்காரும் அறைக்குள் வெளிச்சம் அடித்துப் பார், விரல் நுனியாலும் தொட்டுப் பார். துரு பிடித்து ஸ்லைடு நகரவே இல்லை என்றால் வலுக்கட்டாயமாக இழுக்காதே, தட்டாதே. அப்படியே உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொண்டு போய்விடு. அந்த ஒரு கட்டத்தில் வீட்டு வைத்தியம் வேண்டாம்.

இப்போது படத்தில் தெரியும், துரு தின்று உண்டாக்கிய குழிகளுக்கு வருவோம். இடது பக்கம் வலது பக்கத்தைவிட ரொம்ப மோசமாக இருக்கிறது, கவனித்தாயா? அநேகமாகத் தோல் உறைக்குள் போட்டு அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்திருப்பார்கள். தோலைப் பதனிடும்போது அதில் சேரும் உப்பும் அமிலமும் போகவே போகாது, காற்றில் இருக்கும் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். உறை என்றால் பாதுகாப்பு என்று நினைத்து வருஷக்கணக்கில் அதற்குள்ளேயே வைத்து இரும்பைத் தின்னக் கொடுத்தவர்கள் ஏராளம். பிடித் தகடுகளைக் கழற்றினால் அடியில் இன்னும் மோசமாகத்தான் இருக்கும், கை வியர்வை அங்கே இறங்கி வெளியே வர வழியில்லாமல் தங்கிவிடும். அது வெளியே தெரியாத இடம், அதனால் அதைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதே.

குழலுக்குள் இருக்கும் குழிகளின் கதை வேறு. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் வந்த தோட்டாக்களில் பெரும்பாலானவற்றின் பிரைமரில், அதாவது தோட்டாவின் அடியில் தீப்பொறி கொடுக்கும் மருந்தில், பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்ட பிறகு அது பொட்டாசியம் குளோரைடாகக் குழலில் படியும், நம் உப்பின் நெருங்கிய சொந்தம். எண்ணெய் போட்டுத் துடைத்தால் அது போகாது, தண்ணீரில்தான் கரையும். எண்ணெய் மட்டும் போட்டுத் துடைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியவர்களின் துப்பாக்கிகள்தான் உள்ளே இப்படி ஆனது. அந்தக் குழிகளை நீயோ நானோ சரி செய்ய முடியாது. சுடும் எண்ணம் இருந்தால் குழலையும் அறையையும் விவரம் தெரிந்தவர் அளந்து பார்த்துச் சொல்ல வேண்டும், அதுவரை சுடாமல் பார்க்க மட்டுமே உள்ள பொருள் என்று நினைத்துக்கொள்.

சரி, வெளிப்புறம். இங்கேதான் கை துடிக்கும். அரத்தை எடுத்து நாலு இழுப்பு இழுத்தால் குழி போய்விடும் என்று தோன்றும். கணக்கைப் பார். குழியின் ஆழம் 0.2 மில்லிமீட்டர் என்று வை. அந்தக் குழியை நிரப்ப முடியாது, அதைச் சுற்றி இருக்கும் நல்ல இரும்பைத்தான் 0.2 மில்லிமீட்டர் கீழே இறக்க முடியும், அதுவும் ஒரு இடத்தில் மட்டும் இறக்கினால் பள்ளமாகத் தெரியும் என்பதால் அந்தப் பக்கம் முழுவதையும் இறக்க வேண்டும். அப்புறம் பார்த்தால் ஸ்லைடில் பொறித்த எழுத்துகளும், தொழிற்சாலையில் சோதித்ததற்கான முத்திரைகளும் அதைவிடப் பெரிய ஆழம் ஒன்றும் இல்லை, குழியோடு சேர்ந்து அவையும் போய்விடும். விளிம்புகள் உருண்டுபோகும், திருகுத் துளைகளின் வாய் அகன்று கிண்ணம் மாதிரி ஆகும். பழக்கப்பட்ட கண்ணுக்கு அது தூரத்திலிருந்தே தெரியும். வரிசை எண் இருக்கும் பக்கத்தில் உப்புத்தாளே படக்கூடாது, அந்த எண்ணை அழிப்பது பல நாடுகளில் குற்றம், தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

வெல்டிங் வைத்துக் குழியை நிரப்பலாம் என்று உன் வீட்டுக்காரர் சொன்னாராமே. அவரிடம் அன்போடு வேண்டாம் என்று சொல். சூடு ஏறினால் இரும்பின் பதம் மாறும், வளையும், வெல்டிங் போட்ட இடம் பிறகு வேறு நிறத்தில் திட்டாகத் தெரியும்.

ஆகவே நான் சொல்வது இதுதான்: துருவை எடு, குழியை விடு. துரு உயிரோடு இருக்கும் நோய், அதை நிறுத்தியே ஆக வேண்டும். குழி ஆறிப்போன தழும்பு.

துருவை எடுக்க அவசரமில்லாத வழியே நல்ல வழி. மெல்லிய எண்ணெயோ மண்ணெண்ணெயோ பூசி ஊறவிடு, நாள் கணக்கில் ஊறினாலும் கெட்டுப்போகாது. பிறகு 0000 நம்பர் ஸ்டீல் வுல், பொதுவாகக் கடையில் கிடைப்பதில் அதுதான் மெல்லியது, எண்ணெயோடேயே மெதுவாகத் தேய். கட்டியாக இருக்கும் துருவைப் பித்தளைத் தகட்டின் முனையால் சுரண்டு. பித்தளை இரும்பைவிட மெது, கீறாது. பழைய நீலப்பூச்சு, அதாவது துரு பிடிக்காமல் இருக்க இரும்பில் ஏற்றிய கருநீல நிறம், எங்கெல்லாம் மிச்சம் இருக்கிறதோ அது இந்த வேலையில் பெரும்பாலும் தப்பித்துவிடும். வினிகரில் ஊறவைத்தால் ஒரே இரவில் போகும் என்று பலர் சொல்வார்கள். போகும்தான், கூடவே மிச்சமிருக்கும் நீலமும் போகும், ஏனென்றால் அந்த நீலமும் இரும்பின் ஆக்சைடுதான், அமிலத்துக்கு நல்ல ஆக்சைடு கெட்ட ஆக்சைடு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. சலவை சோடா கரைசலில் மின்சாரம் விட்டுத் துரு எடுக்கும் முறையும் இருக்கிறது, ஆனால் ஸ்பிரிங் மாதிரி கடினமான பாகங்களுக்குள் ஹைட்ரஜன் புகுந்து அவற்றை நொறுங்க வைக்கும், அதனால் இதற்கு வேண்டாம்.

கழற்றும்போது திருகுகளைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டில் இருக்கும் சாதாரண ஸ்க்ரூ டிரைவர் ஆப்பு வடிவில் சரிந்திருக்கும், பழைய திருகின் வாய் நேராக வெட்டியிருக்கும், இரண்டும் சேராது, வழுக்கித் தலையைக் கிழித்துவிடும். முனையின் இரு பக்கமும் இணையாகத் தீட்டியதை வாங்கு, அகலமும் கனமும் வாய்க்குச் சரியாக உட்கார வேண்டும். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும்போது போன் எடுத்துப் படம் பிடி. ஸ்பிரிங் பறக்கும், கண்ணாடி போட்டுக்கொள். உள்ளே ட்ரிக்கரோடு இணைந்த கொக்கியும், சுடும்போது அடிக்கும் சுத்தியலும் ஒன்றையொன்று பிடித்து நிற்கும் முகங்களை மட்டும் எக்காரணம் கொண்டும் பாலிஷ் போடாதே. அங்கே ஒரு மயிரிழை குறைந்தாலும் துப்பாக்கி தானாக வெடிக்கும் நிலைக்கு வந்துவிடும்.

துரு போனதும் அப்படியே எண்ணெய் போட்டு வைத்துவிடலாம், நானாக இருந்தால் அதைத்தான் செய்வேன். ஆனால் உன்னைத் தெரியும், நிறம் கொடுக்காமல் விடமாட்டாய். வலது பக்கம் நன்றாக இருப்பதால் அதைத் தொடாதே. இடது பக்கம் மட்டும், எழுத்துகளை விட்டு விலகி, எமரி தாளைத் தட்டையான கட்டையில் சுற்றி ஒரே திசையில் இழு, விரலால் அழுத்தித் தேய்க்காதே, விரல் மெதுவானது, பள்ளம் போடும். 320 நம்பர் தாளோடு நிறுத்திக்கொள், அதைவிட மெல்லிய தாளுக்குப் போகாதே. கண்ணாடி மாதிரி பளபளப்பாக்கினால் ஒவ்வொரு குழியும் கத்திக்கொண்டு நிற்கும், மங்கலான பரப்பில்தான் குழி அடங்கிப்போகும். துணிச் சக்கரம் வைத்த பாலிஷ் மெஷின் பக்கம் போகவே போகாதே, நிமிஷத்தில் விளிம்பைத் தின்றுவிடும்.

நீலத்துக்கு மூன்று வழி. புட்டியில் வரும் குளிர் நீலம் துடைத்தவுடன் கறுக்கும், அதில் செலினியம் இருக்கும், விஷம், கையுறை போட வேண்டும், ஆனாலும் சீக்கிரம் தேய்ந்து போகும். சின்னத் திருகுக்குச் சரி. தொழிற்சாலைகளில் செய்யும் சூடான நீலம் காஸ்டிக் சோடாவையும் நைட்ரேட்டையும் சுமார் 140 டிகிரியில் கொதிக்க வைத்துச் செய்வது, ஒரு சொட்டுத் தண்ணீர் தப்பாக விழுந்தால் முகத்தில் தெறிக்கும், வீட்டுக்குள் அதை நினைத்துக்கூடப் பார்க்காதே. மூன்றாவது, துருவையே நீலமாக்கும் பழைய முறை, எனக்கு இதுதான் பிடிக்கும். துருவோடு சண்டை போட்டுவிட்டு வந்து நாமே துருப்பிடிக்க வைக்கிறோம், வேடிக்கைதான்.

அசிட்டோன் வைத்து எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாமல் துடை, அதற்குப் பிறகு வெறும் கையால் தொடாதே, தொட்ட இடத்தில் உன் ரேகை அப்படியே பதியும். கடையில் ரெடிமேடாக வரும் துரு நீலக் கரைசலை, நீயாக அமிலம் கலக்காதே, ஈரம் தெரிகிற அளவுக்கு மட்டும் லேசாகத் தடவு. ஈரக்காற்று இருக்கும் பெட்டியில் சில மணி நேரம் தொங்கவிட்டால் வெல்வெட் மாதிரி மெல்லிய சிவப்புத் துரு வரும். அதை டிஸ்டில்டு வாட்டரில் கால் மணி நேரம் கொதிக்க வை. கண்ணெதிரே சிவப்பு கறுப்பாகும், துரு மேக்னடைட் என்ற கறுப்பு இரும்பு ஆக்சைடாக ஆகிவிட்டது என்று அர்த்தம். மேலே நிற்கும் கறுப்புப் பொடியை எண்ணெய் போக்கிய ஸ்டீல் வுல்லால் லேசாகத் தட்டி எடு. மறுபடி தடவு, தொங்கவிடு, கொதிக்க வை, தேய். முதல் சுற்றில் சாம்பல் நிறமாகத்தான் இருக்கும், மனதைத் தளரவிடாதே, ஐந்தாறு சுற்றில் ஆழமான கறுப்பு வரும். கடைசியில் சோடா உப்பு போட்ட தண்ணீரில் ஒரு கொதி, மிச்ச அமிலம் அடங்கும், உடனே எண்ணெயில் முக்கி ஒரு இரவு விடு. இந்தக் கரைசல் பரப்பைக் கொஞ்சம் அரித்து மங்கலாக்கும் என்பதால் சின்னக் குழிகள் அதற்குள் ஒளிந்துகொள்ளும். குழலின் உட்பக்கத்தை மட்டும் இறுக்கமாக அடைத்துவிடு, அங்கே இந்த வேலை வேண்டாம்.

சமையல் பாத்திரத்தை இதற்கு எடுக்காதே. உன் அம்மா இப்போதே தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து அதை முதலில் எழுதச் சொல்கிறாள்.

பிடித் தகடுகள் மரம் இல்லை, படத்தில் பார்த்தால் எபோனைட் மாதிரி தெரிகிறது, பழைய மைப்பேனா செய்தார்களே அதே கடின ரப்பர். வெயில் பட்ட பக்கம் பழுப்பாகியிருக்கிறது பார், அதுதான் அடையாளம். வெந்நீர் படக்கூடாது, நிறம் இன்னும் கெடும். உலர்ந்த பிரஷ் வைத்துத் தூசி எடு, போதும். சரக்கென்று நெம்பினால் உடையும், திருகு முழுக்கக் கழன்ற பிறகு உள்ளிருந்து மெதுவாகத் தள்ளு.

வேலை முடிந்ததும் மெழுகு. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் அவர்கள் பொருள்களுக்காகவே உருவாக்கிய ரெனைசன்ஸ் வாக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, ஒரு சின்ன டப்பா உனக்கு ஆயுள் முழுக்க வரும். மெல்லிய துணியால் கொஞ்சமாகத் தடவித் துடைத்துவிடு, எண்ணெய் மாதிரி வழியாது, தூசியையும் பிடிக்காது. அந்தத் தோல் உறையைத் தனியாக வை, பிஸ்டலை மறுபடி அதற்குள் போடாதே. துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பையோடு, பூட்டுள்ள பெட்டியில், குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வை. தோட்டா இருந்தால் அது வேறு அறையில், வேறு பூட்டில்.

அரத்தைத் தொடும் முன் இடது பக்கத்தில் வெளிச்சத்தைச் சரிவாக அடித்து, நகத்தை அந்தக் குழிகள் மேல் இழுத்துப் பார். நகம் மாட்டினால் ஆழமான குழி, அதை விட்டுவிடு. மாட்டவில்லை என்றால் 320 தாளே போதும், அரமே வேண்டாம்.

அன்புடன்,
அப்பா